செட்டிநாட்டுக்கு ஒரு சைக்கிள் ரோடு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு டூரிசம்னாலே பேப்பர்லயும் சரி, பேச்சுலயும் சரி, பெரிய வீடு, சாப்பாடு, ஆத்தங்குடி தரைக்கல்லு, இதோட முடிஞ்சு போயிடுது. ஊருக்கும் ஊருக்கும் நடுவுல இருக்குற ரோட்டைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. வேன்ல வர்றாங்க, கானாடுகாத்தான்ல எறங்குறாங்க, வீட்டைப் பாத்துட்டு ஏறிப் போயிடுறாங்க. நம்ம பக்கத்தோட அழகுல பாதி அந்தச் சின்ன ரோட்டுலதான் இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன், அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

மகளும் மாப்பிள்ளையும் இத்தாலில ஃபுளோரன்ஸ்ல இருக்காங்க. அங்க போயிருந்தப்ப மாப்பிள்ளை என்னை கியாண்டி பக்கம் சைக்கிள்ல கூட்டிட்டுப் போனார். மேடும் பள்ளமுமா திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரம், குன்று மேல ஒரு பழைய கோட்டை, நடுவுல தார் போடாத வெள்ளைக் கிராவல் ரோடு, ஸ்ட்ராடே பியாங்கேனு சொல்றாங்க. ரொம்ப நேரம் ஓட்டியும் காரு எப்பவாவது ஒண்ணுதான் வந்துச்சு. இவ்வளவு வசதியான நாட்டுல இதுக்கு ஏன் தார் போடாம விட்டாங்கன்னு கேட்டேன். "தெரிஞ்சேதான் விட்டு வச்சிருக்காங்க மாமா"ன்னார்.

அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. இந்த வெள்ளை ரோடெல்லாம் ஒண்ணொண்ணா தாருக்குள்ள போயிட்டு இருந்த காலத்துல, ஜியான்கார்லோ ப்ரோச்சின்னு ஒருத்தர், 1997ல கயோலேங்குற சின்ன ஊர்ல இருந்து பழைய சைக்கிள்ல ஒரு ரைடு ஆரம்பிச்சார். பேரு எரோய்கா. முத வருசம் வந்தது 92 பேர். இப்ப ஒவ்வொரு அக்டோபரும் உலகம் பூரா இருந்து ஆயிரக்கணக்குல வர்றாங்க. 1987க்கு முந்தின மாடல் சைக்கிள்தான் வேணும், கியர் லீவர் ஃப்ரேம்லயே இருக்கணும், கம்பளி ஜெர்ஸி போட்டுட்டு வர்றாங்க. நீளமான ரூட்டுக்குப் போறவங்க விடியுறதுக்கு முன்னாடியே கெளம்பிடுவாங்க, ப்ரோலியோ கோட்டைக்கு ஏறுற வெள்ளை ரோட்டுல ரெண்டு பக்கமும் விளக்கு ஏத்தி வச்சிருப்பாங்களாம். வழியில நிறுத்துற இடத்துல எனர்ஜி பார் கெடையாது, ரொட்டியும் காயும் பீன்ஸும் போட்டுக் கொதிக்க வச்ச ரிபொலித்தா சூப்பு, அந்த ஊரு ஒயின், அவ்வளவுதான்.

ரைடு ஒருநாள் கூத்தோட போயிடல, அதுதான் எனக்குப் பெருசாப் படுது. கிட்டத்தட்ட 209 கிலோமீட்டர் ரூட்டுக்கு நிரந்தரமா போர்டு நட்டிருக்காங்க, வருசத்துல எந்த நாளும் யாரு வேணாலும் போர்டைப் பாத்துட்டே ஓட்டிட்டுப் போகலாம், அதுல கிட்டத்தட்ட பாதி வெள்ளை ரோடு. 2007ல இருந்து ப்ரொஃபஷனல் ரேஸும் அந்த ரோடுகள்ல நடக்குது, சியெனாவுல பியாஸா டெல் காம்போ மைதானத்துல வந்து முடியும். ரோட்டைக் காப்பாத்தணும்னு ஆரம்பிச்ச விஷயம், இன்னைக்கு அந்த ஊருகளுக்கு சோறு போடுது.

அதே பக்கம்தான் ஃப்ரான்சிஜெனா யாத்திரைப் பாதையும் போகுது. இங்கிலாந்துல கேன்டர்பரி ஆர்ச்பிஷப் சிஜெரிக் 990 வாக்குல ரோமுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றப்ப தங்குன இடத்தையெல்லாம் வரிசையா எழுதி வச்சாங்க, 79 இடம், அந்தக் குறிப்பை வச்சுத்தான் இன்னைக்குப் பாதையை மறுபடி அடையாளம் போட்டிருக்காங்க. சான் ஜிமிஞ்ஞானோ, மொந்தெரிஜ்ஜோனி, சியெனான்னு கோபுரமும் கோட்டைச் சுவருமா ஊருக்கு ஊரு போகலாம். இதைப் பாக்குறப்ப எனக்கு குன்றக்குடியில இருந்து பழனிக்குக் காவடியோட நடந்து போற நகரத்தார் பாதயாத்திரைதான் ஞாபகம் வந்துச்சு. நமக்கும் அந்த மாதிரி வழி இருக்கு, தங்குற எடம் இருக்கு, பரம்பரையா போறவங்க இருக்காங்க, பாதைக்கு மட்டும் மரியாதை இல்ல.

இங்க என்ன கொறைச்சல்னு கேக்குறேன். காரைக்குடியில காலையில வெயிலுக்கு முன்னாடி கெளம்பி கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், அங்க இருந்து ஆத்தங்குடி, இளையாத்தங்குடி, நேமம், பிள்ளையார்பட்டி, குன்றக்குடின்னு சுத்தி வந்தா நகரத்தாரோட ஒன்பது கோயில்ல மூணு இந்த வழியிலயே வந்துடுது. ரோடு அநேகமா சமதரைதான், கியாண்டி மாதிரி மூச்சு முட்டுற ஏத்தமெல்லாம் கெடையாது. ஊருக்கு ஊரு ஊரணி, படிக்கட்டோட. மழைக்காலம் முடிஞ்சு மார்கழி, தையில வந்தீங்கன்னா கண்மாயெல்லாம் தண்ணி நிக்கும், திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்குப் பறவை வந்திருக்கும், அந்தப் பறவைகளுக்காக தீபாவளிக்கு வெடி போடாத ஊருங்க அது. ஆத்தங்குடியில சைக்கிளை நிறுத்திட்டுப் பட்டறைக்குள்ள போனா கண்ணாடி மேல கலர் ஊத்தி, மணலும் சிமெண்டும் போட்டுக் கல்லு வார்க்குறதைப் பாக்கலாம். கார்ல பறந்தா இதுல எதுவும் கண்ணுல தங்காது. நம்ம வளவுகள்ல இத்தாலி மார்பிளைக் கப்பல்ல கொண்டாந்து போட்டாங்க நம்ம பாட்டன்மாரு, அந்த ஊருக்காரன் ரோட்டை வச்சுக்கிட்ட விதத்தையும் நாம எடுத்துக்கிட்டா தப்பில்ல.

சைக்கிளும் நமக்குப் புதுசு இல்ல. 1949ல கம்பெனி ஆரம்பிச்சு ஹெர்குலிஸ் சைக்கிளை அம்பத்தூர் பக்கம் பண்ணுன முருகப்பா குடும்பம் நம்ம பள்ளத்தூர்க் குடும்பம்தான். பக்கத்துப் புதுக்கோட்டையில 90கள் ஆரம்பத்துல அறிவொளிங்குற எழுத்தறிவு இயக்கத்துல ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டு ரோட்டுல எறங்குனாங்க, அது ஊரே பேசுன விஷயம். இன்னைக்கும் அரசு குடுக்குற சைக்கிள்ல ப்ளஸ் ஒன் புள்ளைங்க ஸ்கூலுக்குப் போற ரோடும் இதேதான். அதனால இதை வெளிநாட்டுக்காரனுக்குச் செய்யுற வேலையா யாரும் நெனைக்க வேண்டாம்.

ஆனா நடக்குறது என்ன? ரோட்டை அகலப்படுத்துறோம்னு நிழல் குடுத்த புளியமரத்தை வெட்டுறாங்க, கிராமத்து ரோட்டுல டிப்பர் லாரி பறக்குது, ஓரத்துல சீமைக்கருவேலம் மண்டி டயருக்கு முள்ளு, திரும்புற எடத்துல ஒரு ஊரு பேரு கூட இருக்காது. போனை எடுத்து மேப்பைப் பாத்தா அது நேரா திருச்சி ஹைவேயில கொண்டுபோய் விடுது, பெரிய வண்டிக்கு நடுவுல.

எல்லா ரோட்டையும் தார் போடாம வைங்கன்னு நான் சொல்லல, ஆம்புலன்ஸ் போகணும், பஸ்ஸு போகணும், அது அந்த ஊருக்காரங்க உரிமை. ஒரே ஒரு ரூட்டை எடுங்க. நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சிகளும் சேந்து அதுல ஊரு பேரும் தூரமும் தமிழ்ல போட்ட போர்டு நடட்டும், இருக்குற மரத்தை வெட்டாம விட்டு போன எடத்துல புதுசா வைக்கட்டும், கண்மாய்க்கரை செம்மண் பாதையில வருசத்துக்கு ஒரு தடவை மழை முடிஞ்சதும் கிராவல் அடிச்சு ரோலர் விடட்டும், காலையில பத்து மணி வரைக்கும் டிப்பரை வேற வழியில விடட்டும். செட்டிநாட்டு ஊருங்க 2014ல இருந்து யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல இருக்கு, வீட்டை மட்டும் காப்பாத்தி ரோட்டை விட்டா அந்த ஊரு ஊரா இருக்காது.

முகப்புல துரு ஏறிக் கிடக்குற பழைய ஹெர்குலிஸ், ராலே வச்சிருக்கவங்க அதுக்கு டயர் மாத்தி வைங்க. வர்ற தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரை மணிக்கு காரைக்குடியில இருந்து நாங்க நாலஞ்சு பேரு இந்த ரூட்டுல கெளம்புறதா இருக்கோம், தேதி முடிவானதும் உங்க பேப்பருக்கே எழுதுறேன், அந்த ஊராட்சித் தலைவருங்களும் ஒரு சைக்கிளை எடுத்துட்டு வந்தா ரோட்டோட நெலமையை நேர்லயே காட்டிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.