குஞ்சு கொடுப்பவர்கள் கூட்டுக்கு வலையும் கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள் நான். போன வருடம் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், 8 வீடுகளுக்கு, வாழ்வாதார உதவி என்று வீட்டுக்கு 10 ஊர்க்கோழிக் குஞ்சுகள் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அந்த 80இல் இன்றைக்கு உயிரோடு இருப்பது 11.

என் கோழிகள் முட்டையிடத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு முட்டை அவித்துக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்ப முடிந்த நாட்கள் அவை. ஒருநாள் மதியம் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கூட்டுக்குள் ஆறு கோழிகள் செத்துக் கிடந்தன. ஒன்றையும் தின்றிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கழுத்தில் கடி. பின்பக்கம் வலைக்கு அடியில் புதுமண் பறித்துக் கிடந்தது. கீரி.

மரநாய் ராத்திரியில் வரும், அது தெரிந்துதான் எல்லோரும் பொழுது சாயக் கதவை இறுக்கிக் கட்டுகிறோம். கீரி பகலில் வருகிறது. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்விட்டால் லயத்தில் மிஞ்சுவது வயதானவர்கள்தான். நாங்கள் மலையில் நிற்கிற அதே நேரத்தில் அது கான் (வடிகால்) ஓரமாக வந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறது. குஞ்சு கொடுத்தவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் விழித்திருப்பேன்.

அன்று மாலையே பக்கத்துக் காம்பிராவில் (லயத்து வீட்டில்) இருக்கும் தம்பி வந்தார். “அக்கா, ஒரு சுருக்குக் கம்பி வச்சிட்டா சரியாப் போயிரும்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு கம்பியில்தான் கருஞ்சிறுத்தை கழுத்து மாட்டிக் கிடந்தது. உடவளவை யானைகள் பராமரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. அந்தக் கம்பி எதற்கு வைத்ததோ, சிக்கியது அது. கம்பிக்குக் கீரி எது, சிறுத்தை எது, நம் வீட்டு நாய் எது என்று தெரியாது. முட்டையில் மருந்து வைப்பதும் அப்படித்தான். மேட்டு லயத்தில் ஒருவர் வைத்ததைத் தின்று மூன்று நாய்கள் செத்தன. கீரி மறுவாரமும் வந்தது. எலியைப் பிடித்துத் தின்பதும் அதே கீரிதான், அதை முழுக்க ஒழித்துவிட நான் நினைக்கவில்லை.

கோழிக்கூட்டுக்குக் காவல் என்று நாயை வெளியில் கட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிறுத்தை லயத்துக்கு வருவது பெரும்பாலும் நாய்க்காகத்தான். ராத்திரியில் நாயை உள்ளே எடுத்து விடுங்கள்.

என் பழைய கூட்டில் இருந்தது கடையில் விற்கும் மெல்லிய கோழி வலை. எங்கள் மழைக்கு அது துருப்பிடித்து, கையால் இழுத்தாலே பிய்ந்து வந்தது. சீட்டுக் காசை எடுத்து அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கினேன். சுவரோடு நிறுத்தாமல், அடியில் மடித்து, வெளிப்பக்கமாக ஓரடி அகலத்துக்குத் தரையில் படுக்க விட்டு, மேலே கல்லும் மண்ணும் போட்டேன். தோண்டுகிற பிராணி சுவரடியில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே கம்பி தட்டும். ஓரடி பின்னால் தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியையும் அதே மெஷ்ஷால் அடைத்தேன். மரநாய்க்கு அதுதான் வழி.

இப்போது நான் வேலை விட்டு வந்த பிறகுதான் கோழிகளைத் திறந்து விடுகிறேன். இருட்டுகிற வரைக்கும் மேய்ந்துவிட்டு, கூப்பிடாமலே கூட்டுக்கு வந்துவிடும். உடனே எண்ணிப் பார்த்துக் கொக்கி போடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுநாள் மேய்ச்சல். அடைக்கு உட்கார்ந்த ஒன்று 21ஆம் நாள் 7 குஞ்சு பொரித்தது. ஒன்றைக் காகம் தூக்கியது. மற்ற ஆறையும் மாமியாரின் பழைய மூங்கில் கொழுந்துக்கூடையைக் கவிழ்த்து அதற்குள் வளர்த்தேன். ஐந்து மாதமாகக் கீரிக்கு ஒரு கோழியும் போகவில்லை.

ஆனால் எல்லோரிடமும் சீட்டுக் காசு இல்லை. லயத்தில் இருக்கிறவர்களுக்குச் சொந்த நிலமும் இல்லை. கூட்டுக்கு நான்கு கம்பம் நட வேண்டுமென்றாலும் தோட்டத்தில் கேட்டு நிற்க வேண்டும். குஞ்சு கொடுக்கிற அதிகாரிகளும் நிறுவனங்களும் பத்துக் குஞ்சுக்குப் பதில் ஐந்து கொடுக்கட்டும். மிச்சக் காசுக்கு மெஷ்ஷும் கொக்கியும் கொடுக்கட்டும். கொடுக்கும் முன்னால் தோட்டத்தோடு பேசி, லயத்துக்குப் பின்னால் கூடு வைக்க இடமும் வாங்கித் தரட்டும்.

அடுத்த மாதம் மறுபடியும் குஞ்சு கொடுக்கப் பெயர் எழுதுகிறார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும் பேசி வைத்திருக்கிறோம்: பெயருக்குப் பக்கத்தில் ‘கூட்டுக்கு வலையும் வேண்டும்’ என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவோம்.

இப்படிக்கு,
கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி,
மஸ்கெலியா.