டயட்டுகளுக்குச் சொந்தமாக நிதி வேண்டும், சொந்தமாக முடிவெடுக்கும் குழு வேண்டும்

மாண்புமிகு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் வேலை பார்த்துவிட்டு, சென்ற கல்வியாண்டின் முடிவில் ஓய்வு பெற்றேன். இத்தனை ஆண்டுகளில் நான் கலந்துகொண்ட பயிற்சிகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் என் வகுப்பறையை மாற்றியது எது என்று யோசித்தால் ஒன்றுதான் உடனே நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லிவிட்டு, டயட்டுகள் எனப்படும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களைப் பற்றிய கோரிக்கைக்கு வருகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் பின்னம். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் நான்கில் ஒன்று என்பார்கள். மூன்றைவிட நான்கு பெரியது அல்லவா! கரும்பலகையில் எத்தனை வட்டம் வரைந்து காட்டினாலும் மறுநாள் அதே பதில். எங்கள் மாவட்ட டயட்டிலிருந்து ஒரு விரிவுரையாளர் பள்ளிப் பார்வைக்கு வந்தபோது இதைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு அப்படியே போய்விடவில்லை. அடுத்த வாரம் ஒரே நீளத்தில் வெட்டிய காகிதப் பட்டைகளோடு வந்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு பட்டையை மூன்றாக மடி, இன்னொன்றை நான்காக மடி என்றார். துண்டின் மேல் துண்டை வைத்துப் பார்த்த ஒரு சிறுமி, நான்கு பேருக்குப் பங்கு போட்டால் கொஞ்சம்தானே கிடைக்கும் என்று அவளாகவே சொன்னாள். வகுப்பு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து பத்து வாரத் திட்டம் ஒன்றை எழுதினோம். வட்டாரத்தில் ஆறு பள்ளிகளில் செய்து பார்ப்பது, மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது, பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று எழுதி வைப்பது. ஐந்தாவது வாரத்தோடு அது நின்றுபோனது. அவருக்குப் பயணப்படி தர டயட்டில் நிதி இல்லை. அடுத்து, காலியாகக் கிடந்த இன்னொரு பணியிடத்தின் கூடுதல் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அதற்கும் மேலே, மாநில அளவிலான பயிற்சிக் கட்டகம், அதாவது பயிற்சிக் கையேடு, தயாரிக்கும் பணிமனைக்காகச் சென்னைப் பயணங்கள். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல ஆசிரியரை உருவாக்கத் தெரிந்த ஒருவரை அந்த வேலையைச் செய்யவிடாத அமைப்பின்மீதுதான் வருத்தம்.

டயட் எதற்காக வந்தது என்பதை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். 1986 தேசியக் கல்விக் கொள்கையின் வழியே பிறந்தவை இந்த நிறுவனங்கள். அந்தந்த மாவட்டத்துப் பள்ளிகளின் சிக்கலை அந்தந்த மாவட்டத்திலேயே ஆராய்ந்து தீர்க்க வேண்டும் என்பதே நோக்கம். 1989இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் ஏழு பிரிவுகளை வகுத்தன. ஆசிரியராகப் போகிறவர்களுக்கான பயிற்சி, பணியில் இருப்பவர்களுக்கான பயிற்சி, பாடப்பொருளும் மதிப்பீடும், கல்வித் தொழில்நுட்பம், திட்டமிடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும் என்றன. திட்டங்களுக்கு ஆலோசனைக் குழு ஒன்று வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. எழுதி வைத்ததைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் பணம். தொடக்கத்தில் மத்திய அரசின் முழு நிதியில் வந்த திட்டம் இது. பின்னர் மத்திய, மாநில அரசுகளின் பங்கீடு 75:25 ஆகி, அதன்பின் 60:40 ஆனது. 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் ஆசிரியர் கல்வியும் சேர்க்கப்பட்டது. அன்றிலிருந்து டயட்டின் செயல்பாட்டு நிதி, சீருடை முதல் கட்டடம் வரை ஆயிரம் செலவுகள் நிற்கும் அதே வரிசையில் நிற்கிறது. வரிசையில் கடைசியில் நிற்கிறது என்றே சொல்வேன். 2024–25இல், மாதிரிப் பள்ளிகளுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காக மத்திய அரசு இந்த ஒருங்கிணைந்த திட்டத்தின் நிதியையே நிறுத்தி வைத்தது. அது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், யாரோ எங்கோ ஒரு குழாயைத் திருகினால் என் மாவட்டத்து ஆசிரியர் பயிற்சி நின்றுவிடும் என்றால், அந்த ஒரே குழாயை நம்பி நாம் ஏன் இருக்க வேண்டும்?

பணம் வரும் காலமும் கோணல். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பள்ளி ஜூனில் திறக்கிறது. ஆண்டுத் திட்டம் போய், ஒப்புதல் வந்து, தவணை விடுவிக்கப்பட்டுக் கீழே இறங்கி வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிடுகிறது. பிறகு பிப்ரவரியில் அவசர அவசரமாகப் பயிற்சி. ஆண்டுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் நேரத்தில் ஆசிரியரை வகுப்பிலிருந்து எடுக்கிறோம், பணம் செலவாகிவிட்டது என்று பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்பதற்காக. அப்படி ஒரு பயிற்சியில் நான்காவது வரிசையில் உட்கார்ந்து, திரையில் ஓடிய சறுக்குப்படங்களைப் பார்த்தபடி விடைத்தாள் கட்டைத் திருத்திய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்றும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

ஆகவே கேட்கிறேன். மாநில நிதிநிலை அறிக்கையில் டயட்டுகளுக்கென்று தனித் தலைப்பு வேண்டும். மாவட்டத்தில் உள்ள ஆசிரியர் எண்ணிக்கையைக் கொண்டு ஓர் அடிப்படைத் தொகையை நிர்ணயித்து, பள்ளி திறக்கும் முன் நிறுவனத்தின் கணக்கில் போட்டுவிட வேண்டும். மலைப்பகுதி மாவட்டங்களுக்குக் கூடுதலாக வேண்டும். அங்கே ஒரு பள்ளிக்குப் போய்வரவே ஒரு நாள் ஆகிறது. செலவாகாத பணம் மார்ச் 31 அன்று திரும்பிப் போகாமல் அடுத்த கல்வியாண்டுக்குத் தொடர வேண்டும்.

நிர்வாகத்துக்கு வருகிறேன். டயட் முதல்வர் சென்னையில் உள்ள மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின்கீழ் இருக்கிறார். வட்டார வள மையங்களில் உள்ள ஆசிரியர் பயிற்றுநர்களோ முதன்மைக் கல்வி அலுவலரின்கீழ் இருக்கிறார்கள். பள்ளிக்கு மிக அருகில் இருக்கும் பயிற்றுநர்களும், பயிற்சியைப் பற்றி யோசிக்க வேண்டிய விரிவுரையாளர்களும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள்போல நடமாடுகிறார்கள். கட்டகம் சென்னையில் தயாராகி, பயிற்சி தரும் மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரம் என்று இறங்கி, சில பள்ளிகளுக்கு ஒன்றாக உள்ள குறுவள மையத்தில் எங்களிடம் வந்து சேரும்போது சாறு வற்றி விடுகிறது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் செயல்பாடுகளைப் பிள்ளைகள் விரும்பிச் செய்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைக்கும், திருப்பூரில் பின்னலாடை வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துக் குழந்தைக்கும், நீலகிரியின் பழங்குடிக் குழந்தைக்கும் தமிழ் எழுத்தை ஒரே கட்டகத்தால் எப்படி அறிமுகம் செய்ய முடியும்? அதை அந்தந்த டயட்தான் யோசிக்க வேண்டும். யோசிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

ஆலோசனைக் குழுவை முடிவெடுக்கும் நிர்வாகக் குழுவாக மாற்றுங்கள். முதல்வரும் முதன்மைக் கல்வி அலுவலரும் அதில் இருக்கட்டும். அவர்களோடு ஆசிரியர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், பயிற்றுநர் ஒருவர், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாய், அருகில் உள்ள பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையிலிருந்து ஒருவர் வேண்டும். ஆண்டின் பயிற்சிகளில் பாதியையாவது இந்தக் குழுவே தீர்மானிக்கட்டும். விரிவுரையாளர் பணியிடங்களை நிரப்புங்கள். வந்தவரை ஐந்து ஆண்டுகளாவது ஓரிடத்தில் விடுங்கள்.

பணத்தையும் அதிகாரத்தையும் கீழே கொடுத்தால் முறைகேடு நடக்கும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்த அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. செலவுக் கணக்கையும் கூட்டத் தீர்மானங்களையும் மாவட்டத்தின் எல்லா ஆசிரியர்களும் பார்க்கும்படி வெளியிடச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் கண்ணைவிடக் கடுமையான தணிக்கை இல்லை. இப்போது நடக்கும் தணிக்கையில் வருகைப் பதிவேடும் உணவு ரசீதும் பார்க்கப்படுகின்றன. அந்தப் பயிற்சிக்குப் பிறகு வகுப்பில் என்ன மாறியது என்று முப்பத்தோரு ஆண்டுகளில் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

பின்னத் திட்டம் எழுதிய நோட்டை என் இடத்துக்கு வந்திருக்கும் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டேன். ஆறாவது வாரத்திலிருந்து பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. வரும் மானியக் கோரிக்கையின்போது டயட்டுகளுக்கான தனித் தலைப்பை அறிவியுங்கள். குழு அமைப்பதுபற்றிக் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டால், எந்த ஊரில் என்றாலும் என் சொந்தச் செலவில் வந்து பேசுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை