படிச்சு என்ன செய்யப் போறாய்?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் வந்த உயர்கல்வி வழிகாட்டியில் கணினி, முகாமைத்துவம், தாதியியல் எல்லாம் இருந்தன, சரி, ஆனால் அரசியல் பொருளாதாரம், அதாவது அரசியலும் பொருளாதாரமும் ஒன்றையொன்று எப்படி ஆட்டுகின்றன என்று பார்க்கும் படிப்பு, பற்றி ஒரு வரிகூட இல்லை. என் மகள் முதுகலைக்கு அதைத்தான் எடுத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் "படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டே அவளைக் களைக்க வைக்கிறார்கள்.

2022இல் வெறும் காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டு, இரவு முழுக்க நுளம்புக்கடியோடு ரோட்டோரம் இருந்தவன் நான். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அரசு கையை விரித்தது ஏன் என்பதற்கு அந்த வரிசையில் ஆளுக்கொரு கதை. மகள்தான் பிறகு விளங்கப்படுத்தினாள்: 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும், அடுத்த வருடமே ஜனாதிபதி கையில் அதிகாரத்தைக் குவிக்கும் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை வந்ததும், 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பியதும், 1982இல் பொதுத்தேர்தலே வைக்காமல் ஒரு சர்வசன வாக்கெடுப்பால் நாடாளுமன்றத்தை ஆறு வருடம் நீட்டியதும் தனித்தனிக் கதை இல்லை என்று. எல்லாம் என் கண்முன்னே நடந்ததுதான், சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது அரசு உள்நாட்டில் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றுவது, என்று சொல்லி வேலை செய்பவர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் கைவைத்தார்கள், வங்கிகளை விட்டுவிட்டார்கள். என் பணமும் அதில்தான் கிடக்கிறது. இதைக் குடைந்து பார்க்க நாலு பேர் வேண்டாமா?

அடுத்த வழிகாட்டியில் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். சம்பளத்தையும் மறைக்காமல் போடுங்கள், குறைவுதான், தெரியும்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்