இரண்டாவது பூமியைக் கொஞ்ச நாள் கண்டுபிடிக்காமல் இருங்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் யூடியூப் சேனல்களிலும் அறிவியல் செய்தி போடுகிற ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 விண்மீனைச் சுற்றிப் பூமி அளவில் ஏழு கோள்கள் இருப்பதாக நாசா அறிவித்தபோது உங்களில் பலர் அதை விமரிசையாகப் போட்டீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே குடும்பத்தின் முதல் கோளான டிராப்பிஸ்ட்-1 பி-யைப் பார்த்துவிட்டு, காற்று மண்டலம் இருப்பதற்கான தடயமே இல்லை என்று சொன்னதே, அதை எத்தனை பேர் போட்டீர்கள்? என் கண்ணில் பட்டது சொற்பம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அப்புறம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை என்கிற மாதிரி இருக்கிறது.

செய்தியில் அடிபடும் இந்தச் சின்னக் கோள்களில் பல ஏன் சிவப்புக் குள்ளன் எனப்படும் சிறிய, சூடு குறைந்த விண்மீன்களைச் சுற்றியே கிடைக்கின்றன என்பதை நீங்கள் எழுதுவதே இல்லை. நம் விண்மீன் மண்டலத்தில் நான்கில் மூன்று பங்கு விண்மீன்கள் இந்த வகைதான், ஆனாலும் வெறும் கண்ணால் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது, அவ்வளவு மங்கல். டிராப்பிஸ்ட்-1 வியாழனைவிடச் சற்றே பெரியது, மேற்பரப்பு வெப்பம் சுமார் 2,300 டிகிரி செல்சியஸ், சூரியனுக்கோ 5,500. இந்தச் சின்ன உருவம்தான் நமக்கு வசதி, ஏனென்றால் கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி குறைவதை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். வெளியிலிருந்து ஒருவர் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தால், பூமி குறுக்கே போகும்போது ஒளி 0.008 சதவீதம்தான் குறையும், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை. டிராப்பிஸ்ட்-1 பி கோள் குறுக்கே போனால் 0.7 சதவீதம் குறையும், ஒன்றரை நாளுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 36 நிமிஷம். சிலியில் லா சியா மலையில் இருக்கும் வெறும் 60 செ.மீ. கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை வைத்தே பெல்ஜிய வானியலாளர் மிக்கேல் ஜியோனின் குழு முதல் மூன்று கோள்களையும் பிடித்துவிட்டது. இதைவிடச் சுவாரசியமான செய்தி என்ன வேண்டும்?

காற்று இல்லை என்பதை எப்படிச் சொன்னார்கள் என்பது இன்னும் அழகு. கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும் நேரத்தில் அகச்சிவப்பு ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். அந்தக் குறைவுதான் கோளின் பகல் பக்கம் தரும் வெப்பம். கணக்குப் போட்டால் சுமார் 230 டிகிரி செல்சியஸ் வந்தது. காற்று இருந்திருந்தால் பகல் பக்கத்துச் சூட்டை இரவுப் பக்கத்துக்கும் பங்கிட்டிருக்கும், பகல் பக்கத்துச் சூடு இதைவிடச் சுமார் நூறு டிகிரி குறைவாக வந்திருக்கும். அப்புறம் 2024 கடைசியில் வேறொரு அலைநீளத்தில் எடுத்த அளவீட்டையும் சேர்த்துப் பார்த்தபோது, புகைமூட்டம் கொண்ட ஒருவகைக் காற்று மண்டலத்தையும் முழுசாகத் தள்ளிவிட முடியாது என்றார்கள். சரி, குழப்பம்தான். அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே எழுதுங்கள் என்கிறேன்.

ஏனென்றால் உண்மையான வில்லன் விண்மீன்தான். இளவயதில் ரொம்ப காலம் அதிகப் பிரகாசமாக இருந்து பக்கத்திலிருக்கும் கோள்களை வறுத்தெடுத்துவிடும். அதற்குப் பிறகும் அடிக்கடி வெடித்துச் சீறும். இதெல்லாம் போக, அதன் மேலிருக்கும் கரும்புள்ளிகள் எவ்வளவு குளிர்ச்சி என்றால் அங்கே நீராவியே சிதையாமல் இருக்கும். ஆமாம், விண்மீனில் நீராவி! 2023-இல் ஜிஜே 486 பி என்ற கோள் அதன் விண்மீனுக்குக் குறுக்கே போனபோது அந்த ஒளியில் நீராவியின் அடையாளம் தெரிந்தது. அது கோளுடையதா, விண்மீனின் புள்ளிகளுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கோளில் தண்ணீர் என்று தலைப்பு வைக்கும் முன் ஒரு போன் போட்டு, இது விண்மீனிலிருந்து வந்திருக்குமா என்று யாராவது வானியலாளரிடம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

2025 ஏப்ரல் கூத்து நினைவிருக்கும். 124 ஒளியாண்டு தொலைவில், இதுவும் ஒரு சிவப்புக் குள்ளனைச் சுற்றும் கே2-18 பி. பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடும் டைமெத்தில் சல்பைடு அங்கே இருக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு சொன்னது. நீங்கள் "வேற்றுக்கிரகத்தில் உயிர்" என்றீர்கள். அந்தக் குழுவோ, கிடைத்திருப்பது மூன்று சிக்மா அளவிலான சான்று (சிக்மா எண் கூடக் கூட, அது தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறையும்), கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும், இன்னும் நோக்க வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தது. அதே தரவை வேறு குழுக்கள் அலசியபோது வலுவான சான்று தெரியவில்லை. போதாததற்கு, இதே வேதிப்பொருள் 67பி என்ற உயிரற்ற வால்மீனிலும் இருப்பதாக ரொசெட்டா விண்கலத்தின் தரவிலிருந்து தெரிந்திருந்தது. இத்தனைக்கும் அந்தக் கோள் பூமியைவிட 2.6 மடங்கு அகலம், எட்டு மடங்குக்கும் மேல் நிறை. அதை எப்படி இரண்டாவது பூமி என்று கூப்பிட மனசு வருகிறது?

"அங்கே குடியேறலாமா" என்ற தம்ப்நெயில்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிராப்பிஸ்ட்-1 நாற்பது ஒளியாண்டு தூரம். வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில் போனால் ஏழு லட்சம் வருஷம் ஆகும்.

படங்கள்: நீலக்கடலும் சிவப்பு வானமுமாக நீங்கள் போடுவதெல்லாம் ஓவியரின் கற்பனை. அதை ஓரத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒளி குறைவதைக் காட்டும் அந்தப் புள்ளி வரைபடத்தையே போடுங்கள். வாசகருக்குப் புரியாது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், கிரிக்கெட்டில் ரன்ரேட் வரைபடம் போட்டால் புரிந்துகொள்கிறவர்கள்தானே.

அடுத்து வரப்போவது டிராப்பிஸ்ட்-1 இ. வாழத்தகுந்த மண்டலத்தில், அதாவது தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய தொலைவில் இருப்பதால் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். 2025 செப்டம்பரில் வந்த முதல் நான்கு நோக்கல்களின் முடிவில், காற்று உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இப்போது பி கோளும் இ கோளும் அடுத்தடுத்துக் குறுக்கே போகும் சமயமாகப் பார்த்து நோக்குகிறார்கள். பி கோளுக்குக் காற்று கிடையாது என்று வைத்துக்கொண்டால் அதில் தெரிகிற கறை எல்லாம் விண்மீனுடையது, அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இ கோளுடையது. அந்த முடிவு வரும்போது தலைப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருக்காதீர்கள். இ கோளும் மொட்டைப் பாறைதான் என்று வந்தாலும், 2017-இல் கொடுத்த அதே இடத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிவியல் செய்திகளை விடாமல் படிக்கும் ஒரு வாசகன்