கைப்பிரதி வேறுபாடுகளை மறைக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த பைபிள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நூற்றாண்டுக் கணக்கில் கையால் பார்த்து எழுதிய புத்தகம், ஆளாளுக்கு மாற்றியிருப்பார்கள், அதைத் தேவனுடைய வார்த்தை என்று எப்படி நம்புவது என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதை ஊகமாகவே விட வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

1947-ல் சவக்கடல் ஓரம் கும்ரான் குகையில் மேய்ப்பர்கள் கண்டெடுத்த சுருள்களில் பழைய ஏற்பாட்டின் ஏசாயா புத்தகமும் ஒன்று. ஏழு மீட்டருக்கு மேல் நீளமான தோல் சுருள், இன்று நாம் 66 அதிகாரமாகப் படிப்பது அநேகமாக முழுவதும் அதில் இருக்கிறது. கி.மு. 2-ம் நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்டது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். அதற்கு முன் கையில் இருந்த முழுமையான எபிரெயப் பிரதிகளோ கி.பி. 10, 11-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது நடுவில் ஆயிரம் வருஷம். ஒப்பிட்டபோது வித்தியாசங்கள் நிறையவே இருந்தன, பெரும்பாலும் எழுத்துக்கூட்டல், இலக்கணம், அங்கங்கே ஒரு சொல் கூடக்குறைய. செய்தி அதேதான். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 53-ம் அதிகாரம்: நம்முடைய மீறுதல்களினிமித்தம் காயப்பட்டவரைப் பற்றிய, இயேசுவைக் குறிப்பதாக நாங்கள் படிக்கிற அந்தப் பகுதி இயேசு பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட அந்தத் தோலிலும் இருக்கிறது, ஆகவே பிற்காலக் கிறிஸ்தவர்கள் செருகியது என்று யாரும் சொல்ல முடியாது.

அதே சமயம் எங்கள் பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாற்கு 16-ல் கடைசிப் 12 வசனங்களும், யோவான் 8-ல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவமும் 4-ம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் என்ற பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் இல்லை. பல புதிய பதிப்புகள் இதை அடிக்குறிப்பாகவே போடுகின்றன. சபையில்தான் பேச மாட்டேன் என்கிறோம். கல்லூரிக்குப் போன பிள்ளை இதை முதல்முறையாக யூடியூபில், அதுவும் கேலியாகக் கேட்கும்போது அந்தப் பிள்ளையின் விசுவாசம் ஆடிப்போகிறது, சொல்லாமல் விட்ட நாமல்லவா அதற்குக் காரணம்? வாலிபர் கூட்டத்தில் போதகரே வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்கட்டும்.

சரி, பிரதிகள் நம்பகமானவை என்றால் தேவன் பேசினார் என்று நிரூபணமாகிவிடுமா? இல்லை. உள்ளது உள்ளபடி நம் கைக்கு வந்திருக்கிறது என்றுதான் அவை காட்டும். வேதத்துக்கு அதிகாரம் உண்டு என்று நான் நம்புவது இயேசுவை வைத்து. வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது "எழுதியிருக்கிறதே" என்று சொல்லித்தான் மூன்று முறையும் அவர் பதில் கொடுத்தார், நான் ஆண்டவர் என்று அழைக்கிறவரே அந்த எழுத்துக்கு அப்படிக் கீழ்ப்பட்டார் என்றால் எனக்கு வேறு வழி இல்லை. அந்த எழுத்து விசாரணைக்குப் பயந்ததும் அல்ல. லூக்கா தன் சுவிசேஷத்தைத் தொடங்கும்போதே, கண்ணாரக் கண்டவர்கள் சொன்னதை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தே எழுதுகிறேன் என்கிறார்.

கட்டுரையாளர் அந்த முதல் நாலு வசனங்களையாவது படித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். கைப்பிரதிகளை ஆராய்கிற ஒருவரிடமும் நீங்கள் ஒரு கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை