தம்பிக்கு அம்மா எழுதுவது

ஏற்காடு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது அம்மா, எதைப் பார்த்து வரைந்தாய்?" என்று கேட்டிருந்தாய். இந்த மாதம் உன்னிடமிருந்து வந்தது அந்த ஒரு வரிதான். அதற்குப் பதில் எழுதுகிறேன். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கறுப்புக்குள் கிளை கிளையாக ஓடும் வெள்ளை, கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் குழி. தாத்தா உன்னை சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போவாரே, அதே இடம். பாறையை வெட்டினால் நரம்பு நரம்பாக வெள்ளைக்கல் தெரியும். நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவதில்லை, தாள்தான் வெள்ளை. எங்கே வேண்டுமோ அங்கே தூரிகை படாமல் விட வேண்டும். ஆறடித் தாளில், ஈரம் இருக்கும்போதே அதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

மேலே பரவும் செம்மை, சேர்வராயன் கோயில் பக்கத்துப் பாக்சைட் மண். நடுவில் இருப்பது அல்ட்ராமரீன் நீலம். அதன் துகள்கள் ஒன்றோடொன்று திரளும். தண்ணீர் நின்றால் தாளின் சிறு குழிகளில் இறங்கி மணல் மணலாகப் படியும். சேலத்து வெயிலில் தாள் உடனே காய்ந்துவிடும், நீலம் படிய நேரமே இருக்காது. இங்கே மூடுபனி நாளில் மத்தியானம் வரை ஈரம் நிற்கிறது. அதற்காகத்தான் மலைக்கு வந்தேன். அப்பா போனபிறகு தனியாக இருக்க வந்தேன் என்று உன் அத்தை சொல்வதை நம்பாதே.

வலது மூலையை வெறுமையாக விட்டிருக்கிறேனே, அது காப்பிப் பூ. கோடை மழை ஒன்று விழுந்தால் பத்து நாளுக்குள் தோட்டமே வெளுத்துவிடும், மல்லிகை போல மணக்கும், நாலைந்து நாளில் வாடிவிடும். அக்கா கல்யாணத்துக்கு வந்தவன், இருபது கொண்டை ஊசி வளைவைச் சாக்குச் சொல்லி மேலே வராமலே போனாய். அப்போது பூத்திருந்தது.

சொல்ல மறந்தேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதலில் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தது 1936-இல், 25 வயதில். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியது 1966-இல். வேலையை விட்ட எவரும் கெட்டுப்போனதில்லை என்று சொல்ல வரவில்லை. நீர்வண்ணம் என்றால் அவர் நினைவு வரும், அவ்வளவுதான். அக்காவும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சின்ன வயதில் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வண்ணம் எந்தப் பக்கம் ஓடப்போகிறது என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவாய். அந்தக் கண் லேசில் யாருக்கும் வராது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்றும் அதைச் சொல்கிறேன். அப்படிப்பட்டவன் போனை எடுத்தால் "ம்", "சரி" என்று வைத்துவிடுகிறாய். ராத்திரி நேரத்தோடு தூங்கு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

புதுத் தாள் வந்திருக்கிறது. நனைத்த பலகையைத் தூக்கிச் சாய்க்க இன்னொரு ஆள் வேண்டும். பனி இறங்கும் முன்பு வா. டிக்கெட் நான் போடுகிறேன். எத்தனை நாள் லீவு என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா