பாய் போடுற கணக்கு

மச்சி, எப்படி கீற? உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடாததுக்கு திட்டாத, அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சிட்டு இருந்தேன். இப்ப வாக்கர் புடிச்சி நடக்குறாங்க. நம்மூரு வெயில் பத்தி உனக்கு நான் சொல்லத் தேவையில்ல.

"இன்னும் சாமி இல்லன்னுதான் சொல்லிட்டு திரியிறியா"ன்னு கேட்டிருந்த. ஆமாம்டா, அதுல மாத்தமே இல்ல. ஆனா என்னை சுத்தி கீறவன் எல்லாம் பக்திமானுங்க, அவனுங்க கிட்ட சில விஷயம் பாத்தா எனக்கு பொறாமையா கீது, அதத்தான் உனக்கு எழுதணும்னு தோணுச்சு.

நம்ம தோல் மண்டி பாய் ஞாபகம் கீதா, மேல்விஷாரம். ஒவ்வொரு வருஷமும் ரம்ஜான் மாசத்துல ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சி வந்து நோட்டும் கால்குலேட்டரும் வெச்சிட்டு உக்காந்துடுவான், ஜகாத் கணக்கு, அதான் முஸ்லிமுங்க வருஷா வருஷம் ஏழைங்களுக்கு கட்டாயமா குடுக்கவேண்டிய பங்கு. கையில கீற காசு, பேங்க்ல கீறது, பொண்டாட்டி நகை, குடோன்ல விக்காம கிடக்குற சரக்கு, அதுவும் வாங்குன வெலையில்ல இன்னைக்கு என்னா வெலைக்கு போவுமோ அந்த வெல, அப்புறம் வரவேண்டிய பாக்கி, எல்லாத்தையும் கூட்டி தான் கட்டவேண்டிய கடன கழிச்சிட்டு, மீதிக்கு நூத்துக்கு ரெண்டரை. குடியிருக்குற வீடும் ஓட்டுற வண்டியும் கணக்குல வராது. இன்கம் டாக்ஸ்க்கு ஆடிட்டர் கிட்ட எதையெல்லாம் கொறைக்கலாம்னு கேக்குற அதே ஆளுடா இவன்! இங்க மட்டும் யாரும் செக் பண்ணமாட்டாங்கன்னு தெரிஞ்சும் சந்தேகம் வந்தா கூட்டித்தான் போடுவான்.

"மேல ஒருத்தன் பாக்குறான்னு பயமா"ன்னு கேட்டேன். "பயம் இன்னாடா, அந்த காசு என்னுதே இல்ல, ஏழைங்களுது, ஒரு வருஷம் என் கிட்ட கிடந்துச்சு அவ்ளோதான்"னான். "முஸ்லிம் இல்லாத எங்காளுங்களுக்கு அதுல தரமாட்டியா"ன்னு சீண்டுனா, அவங்களுக்கு குடுக்குறது சதக்கா, இஷ்டப்பட்டு குடுக்குற தர்மம், அதுக்கு வேற நோட்டுன்றான். இந்த பிரிவினை எனக்கு இன்னமும் ஒத்துக்கல, வருஷா வருஷம் சண்டை போடுவோம். ஆனா நான் இன்னா பண்றேன் சொல்லு, மனசு நல்லா இருக்குற அன்னிக்கு, பாக்கெட்ல சில்லறை இருந்தா, எதுர்ல வந்து நிக்கிறவனுக்கு குடுப்பேன். என் நல்ல மனசு மூடு பாத்துதான் வேலை செய்யும், அவனுது தேதி பாத்து.

சபரிமலைக்கு மாலை போடுற நம்ம லாரிக்காரனும் அதே மாதிரிதான், 41 நாள் தண்ணி அடிக்கமாட்டான், க்ளீனர் பையன கூட "சாமி"ன்னுதான் கூப்புடுவான். மாலைய கழட்டுன மறுநாளே பழைய வாய் வந்துடும், அது வேற கத.

ஆஸ்பத்திரில ஒரு கேரளா சிஸ்டர், அம்மாவ ஆபரேஷன் தியேட்டருக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி "ப்ரேயர் பண்ணட்டுமா"ன்னு என்னைக் கேட்டாங்க. வேணாங்கன்னு சொன்னேன், சரின்னுட்டு அம்மா கைய புடிச்சிட்டு சும்மா பேசிட்டே கூட போனாங்க, மொகத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. அம்மாவக் கேட்டிருந்தா பண்ணச் சொல்லியிருப்பாங்க, அது வேற விஷயம்.

அமெரிக்க மிஷனரி டாக்டரோட பொண்ணு ஐடா ஸ்கடர் கதை உனக்கும் தெரியும். திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பொண்ணுங்க பிரசவத்துல செத்துப் போனாங்க, ஆம்பள டாக்டர் தொடக்கூடாதுன்னு வீட்டு ஆம்பளைங்க ஒத்துக்கல, ரெண்டு பேரு இந்து, ஒருத்தர் முஸ்லிம். அதப் பாத்துட்டு டாக்டருக்கு படிச்சி வந்த ஐடா அம்மா 1900ல ஒத்த பெட்டோட ஆரம்பிச்சதுதான் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி. கொன்னதும் மதக் கட்டுப்பாடு, ஆஸ்பத்திரி கட்ட வெச்சதும் மத நம்பிக்கை, நான் எந்தப் பக்கம் நின்னு பேசுறது? நம்ம பெரியாரே 1973 டிசம்பர் 24ஆம் தேதி கண்ண மூடுனது அந்த ஆஸ்பத்திரிலதான், கடவுள் இல்லன்னு கடைசி வரைக்கும் சொன்ன மனுஷன பாத்துக்கிட்டது ஏசு பேர்ல நடக்குற எடம். இத பாய் கிட்ட சொன்னா சிரிக்கிறான், "அப்போ நீயும் எங்க கையிலதான்டா"ன்றான்.

ஆமா, அவன் பொண்ணுக்கு கோயம்புத்தூர்ல காலேஜ் சேக்கணுமாம், ஹாஸ்டல் பத்தி கேக்க உன் நம்பர் குடுத்திருக்கேன். ஃபோன் வந்தா எடு, தெரியாத நம்பர்னு கட் பண்ணிடாத.